மேலதிகாரிக்குப் பசி

மார்ச் 3, செவ்வாய்

பட்டறைக்கு இன்று பன்னிரண்டு பெஞ்சுகள் வந்து இறங்கின. எல்லாம் அக்கரைக்குப் போகும் படகுகளில் கிடந்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலில் நொண்டுகிறது. மூன்று வருடம் முன்பு வேறு யாரோ பழுது பார்த்ததாம். அந்த ஆள் கையில் கிடைத்தால் ஒன்று கேட்பேன்: ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடிக்கிற வித்தையை எங்கே ஐயா கற்றுக்கொண்டீர்? இந்தப் படகுத்துறையில் ஆடாத பெஞ்ச் ஒன்றைப் பார்த்தால் அது நான் தொட்டதாகத்தான் இருக்கும். இதைத் தற்பெருமை என்பாள் என் மனைவி. நாட்குறிப்பில்கூடப் பேசக்கூடாது என்றால் தற்பெருமையை வேறு எங்கே போய்ப் பேசுவது?

மேலதிகாரிக்கு இன்றோடு பதினொரு வாரம். எங்கள் மகளுக்கு அழகான பெயர் ஒன்று வைத்திருக்கிறோம், வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குரல் வந்தால் இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடுகிறோம், என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் திட்டு வாங்குகிறோம். அப்புறம் மேலதிகாரி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

அக்கரையில் என் மனைவியும் அவள் அக்காவும் சேர்ந்து ஒரு தையல் கடை நடத்துகிறார்கள். பள்ளிக்கூடச் சீருடைகள்தான் முக்கியமான வேலை. இவள் பிரசவத்திலிருந்து அக்கா தனியாகத் திண்டாடுகிறார். "இந்தச் சனிக்கிழமை இவளையும் தூக்கிட்டு ஒரு நடை போய்ப் பார்க்கிறேன். ஒரு நாள் ஓட்டிட்டா அப்புறம் தினமும் ஓட்டிடலாம்" என்றாள் மனைவி. மூன்று மாதமாகச் சும்மா கிடந்த பெரிய கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள். வெறும் காற்றை இரண்டு தடவை வெட்டிப் பார்த்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

மார்ச் 7, சனி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை வேலை முடித்து, பட்டறையிலிருந்து நேராகக் காத்திருப்புக் கூடத்துக்குப் போனேன், இவளைப் படகேற்றிவிட. படகு நாற்பது நிமிடம் தாமதம். மேலதிகாரிக்குப் பசி வந்துவிட்டது. இவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருவர் தூங்கினார், எதிரே இரண்டு பெண்கள் ஏதோ கதை பேசிச் சிரித்தார்கள். அப்போது விசில் வந்தார். விசில் என்றால் கூடத்தின் மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், எதற்கென்று அவருக்கே தெரியாது.

"அம்மா, நாலு பேர் வந்து போற இடம். டாய்லெட் பக்கத்துல ஒதுக்குப்புறமா இடம் இருக்கு. அங்க போய் வச்சுக்கோங்க" என்றார்.

இவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டறைச் சட்டையைக் கழற்றி இவள் மேலேயும் குழந்தை மேலேயும் போட்டு மூடினேன். காலையிலிருந்து மரம் அறுத்தபோது போட்டிருந்த சட்டை. அத்தனையும் மரத்தூள். மேலதிகாரி உள்ளே இரண்டு தும்மல் போட்டு, வீறிட்டு ஒரு அழுகை அழுதாரே — அப்போதுதான் மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. அதுவரை யாருமே பார்க்கவில்லை.

இவள் எழுந்தாள். சட்டையை மடித்து என் கையில் கொடுத்தாள். வீட்டைப் பார்த்து நடந்தாள். படகு வந்தது, போனது.

வழியெல்லாம் நான் விசிலைத் திட்டிக்கொண்டே வந்தேன். நாளைக்கே அவரை ஒரு கை பார்க்கிறேன் என்றேன். வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "அவர் யாரோ எவரோ. அவர் சொன்னதைத் துடைச்சுப் போட்டுடுவேன். நீங்க ஏன் மூடினீங்க?"

நீங்க. கோபம் வந்தால் இவளுக்கு மரியாதை கூடிவிடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவள் என்னை "வா, போ"தான். "நீங்க" என்று ஆரம்பித்தாலே நான் வாலைச் சுருட்டிக்கொள்வேன்.

மார்ச் 8, ஞாயிறு

நீங்க சாப்பிடுங்க. நீங்க தூங்குங்க. நீங்க போங்க. இன்று மட்டும் பதினேழு.

மார்ச் 11, புதன்

இவள் அக்காவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "பால் மறக்கிற வரைக்கும் நான் வரல அக்கா. ஒரு வருஷமோ என்னவோ. வழி நெடுகப் பசிக்கும் இவளுக்கு. ஒவ்வொரு இடத்துலயும் எழுப்பி விடுவாங்க. என்னால முடியாது."

அக்கா ஏதோ சத்தம் போட்டார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தைத்துத் தர வேண்டியது மலைபோல் கிடக்கிறது. ஏப்ரல் மாதம் முடிகிற வரை பொறுத்துப் பார்ப்பாராம், அதற்கப்புறம் இவள் இடத்தில் வேறு ஆளைக் கூட்டாகச் சேர்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லையாம். இவள் "சரி" என்றாள். அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியதே இவள்தான். முதல் மெஷினைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவள். ஒரே ஒரு "சரி"யில் முடித்துவிட்டாள்.

அழவில்லை. அளவு நாடாவைச் சுருட்டி டப்பாவில் போட்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மார்ச் 12, வியாழன்

விசிலோடு சண்டை போட்டேன். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று மேஜையைத் தட்டினேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் தேடினார். எச்சில் துப்பக்கூடாது, மீன் கூடை கொண்டுவரக்கூடாது, விசில் அடிக்கக்கூடாது எல்லாம் இருக்கிறது. இது இல்லை.

"விதின்னு ஒண்ணும் இல்லப்பா. யாராவது புகார் சொல்லிடுவாங்களேன்னுதான்" என்றார்.

"யார் சொன்னா?"

"இதுவரைக்கும் யாரும் சொல்லல."

"எத்தனை வருஷமா?"

"நான் வந்து ஒன்பது வருஷம்." அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "உன் வீட்டம்மான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீயும் உடனே மூடினியேப்பா. சரி, நாம சொன்னது சரிதான் போலன்னு நினைச்சேன்."

அதற்கு மேல் மேஜையைத் தட்ட எனக்குக் கை எழவில்லை.

மார்ச் 16, திங்கள்

வழி கிடைத்துவிட்டது! இத்தனை நாளாக இது ஏன் தோன்றவில்லை? நான் தச்சன்! கூடத்தில் ஒரு தனி அறை கட்டித் தருகிறேன், பால் கொடுக்கிறவர்களுக்கு. நாலு சுவர், கதவு, உள்ளே நல்ல இருக்கை. துறை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். பட்டறையில் மிச்சம் கிடக்கும் ப்ளைவுட்டை எடுத்துக்கொள், வேலை நேரத்துக்கு வெளியே செய் என்றார். தலை கால் புரியவில்லை எனக்கு. வீட்டில் மூச்சு விடவில்லை. முடித்த பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

இருக்கைக்கு அளவு வேண்டுமே? குழந்தையைப் பட்டறைக்குத் தூக்கிவர முடியாது. ஐந்து கிலோ ஆணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கை எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுக் கைப்பிடி வைத்தேன்.

எங்கள் பட்டறைப் பெயின்டர் — எல்லோருக்கும் அவர் பெயின்ட் அக்கா — தூரிகையைக் கழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். மூன்று பிள்ளை பெற்றவர்.

"என்னப்பா, ஆணி மூட்டைக்குப் பால் குடுக்கிறியா?"

"அளவு எடுக்கிறேன்க்கா."

"நல்லா எடு. ஏப்பம் விட மறந்துடாதே."

பட்டறையே சிரித்தது. சிரிக்கட்டும்.

மார்ச் 27, வெள்ளி

அறை முடிந்தது. கண்ணே பட்டுவிடும் போலிருக்கிறது. ஒரு மூலையில்கூட இடுக்கு இல்லை. வார்னிஷ் இரண்டு பூச்சு. நாளை விடிந்ததும் கதவு ஓரத்தில் மட்டும் இன்னொரு பூச்சு கொடுத்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பெயின்ட் அக்கா, "வேணாம்ப்பா, காயாது" என்றார். பெயின்ட்காரர்களுக்குத் தச்சன் வார்னிஷ் அடித்தால் பொறுக்காது.

மார்ச் 28, சனி

கடவுளே. எங்கே ஆரம்பிப்பது!

பதினோரு மணிக்கு இவளையும் மேலதிகாரியையும் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் நல்ல கூட்டம். இவள் அறையை ஒரு சுற்று சுற்றி வந்தாள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். "வேலை சுத்தமா இருக்குங்க" என்றாள். 'ங்க' இன்னும் போகவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேலதிகாரிக்கு அப்போது சாப்பாட்டு வேளை.

நான் வெளியே காவலாளி மாதிரி நின்றேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். உள்ளேயிருந்து ஒரு சத்தம். அழுகிறாளோ என்று பயந்து காதை வைத்துக் கேட்டேன். சிரிக்கிறாள்!

"என்னம்மா?"

"அன்னைக்குச் சட்டையால மூடினே. இன்னைக்குப் பலகையால மூடியிருக்கே. அடுத்த தடவை செங்கல்லா?"

மூடினே! மூடினீங்க இல்லை, மூடினே! மூன்று வாரம் கழித்து! நான் ப்ளைவுட்டுக்கு முத்தம் கொடுக்காத குறை. அவள் சொன்னதன் அர்த்தமே அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

"சரி, கதவைத் திற. படகு வர்றதுகூட இங்கிருந்து தெரியல. சீட்டுக் கைப்பிடி வேற தோள் உயரத்துக்கு இருக்கு, யாரை வச்சு அளந்தே?"

கதவை இழுத்தேன். வரவில்லை. ஓரத்து வார்னிஷ் சட்டத்தோடு பசை மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. பலம் கொடுத்து இழுத்தேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. நான் போட்ட குமிழ். நான் போட்ட ஸ்க்ரூ! தரையில் உருண்டு போய் ஒரு பாட்டியின் காலடியில் நின்றது, அவர் எடுத்து, "இது உங்களோடதா?" என்று கேட்டார்.

விசில் ஓடிவந்தார். கூட்டம் சேரக்கூடாது என்று விசிலை எடுத்து ஊதினார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. படித்துறையில் நின்றவர்கள்கூட என்னவோ ஏதோ என்று உள்ளே ஓடிவந்துவிட்டார்கள். ஆளாளுக்கு யோசனை. ஒருவர் எட்டி உதைக்கச் சொன்னார். ஒருவர் எண்ணெய் விடச் சொன்னார். ஒரு பெண் சுவரில் வாயை வைத்து, "பயப்படாதேம்மா, மூச்சை நல்லா இழுத்து விடு" என்றார், பிரசவம் பார்க்கிற மாதிரி.

உள்ளேயிருந்து இவள் குரல்: "நான் நல்லாத்தான் இருக்கேன். அவ இன்னும் குடிச்சிட்டு இருக்கா. மெதுவாவே கழட்டுங்க."

கீல்களைக் கழற்ற வேண்டியதாயிற்று. பட்டறைக்கு ஆள் விட்டால் பெயின்ட் அக்காவே ஸ்க்ரூட்ரைவரோடு வந்து நின்றார். அவர் பார்த்த பார்வைக்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம். விசில் கதவை ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" கதவு பெயர்ந்து வந்தது.

உள்ளே இவள். மடியில் மேலதிகாரி, வேலையில் மும்முரம். எதிரே நாற்பது, ஐம்பது பேர். நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

"தண்ணி இருக்கா யார்கிட்டயாவது? தொண்டை வறண்டு போச்சு" என்றாள்.

ஏழெட்டு பாட்டில்கள் நீண்டன. விசில்தான் முந்திக்கொண்டார்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் துணி காயப் போடும்போது சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை, ஈரப் போர்வைக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்.

"அன்னைக்கு நான் வெட்கப்பட்டுட்டேன். உன்னைப் பார்த்து இல்ல. மத்தவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்களோன்னு. என்னை மன்னிச்சிடு."

போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "தெரியும். அது உன் வாயால வரணும்னுதான் மூணு வாரம் மரியாதை குடுத்தேன். எனக்கே வாய் வலிச்சுப் போச்சு."

ஈரத் துணியை என் தலைமேல் போட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

பெயின்ட் அக்காவும் இவளும் கூட்டணி. பட்டறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, கூடத்தில் அறைக்கு வெளியே போட ஒரு நாற்காலி எப்படிச் செய்வது என்று எனக்குப் பாடம் நடத்துகிறார்கள். கைப்பிடி நான் வைத்ததைவிட நாலு விரல் கீழே வர வேண்டும். கால் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கட்டை வேண்டும். பை மாட்ட ஒரு கொக்கி. தண்ணீர் வைக்க ஒரு பலகை. முக்கியமாக, இருக்கை படகு வரும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் படகைக் கோட்டை விட்டுவிடுவார்களாம்.

"அப்போ அந்த அறையை உடைச்சிடவா?" என்று கேட்டேன்.

"எதுக்கு உடைக்கணும்?" என்றார் பெயின்ட் அக்கா. "சில பேருக்கு மறைவா உட்கார்ந்தாத்தான் பால் இறங்கும். என் ரெண்டாவது பிள்ளைக்கு எனக்கே அப்படித்தான். கதவுக்குப் பதிலா திரை போடு. வேணுங்கிறவங்க இழுத்துவிட்டுக்கட்டும். இடம் இருக்கிறது வேற, அங்க போன்னு துரத்துறது வேற."

இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு வார்னிஷ் மிச்சமாகியிருக்கும்.

ஏப்ரல் 11, சனி

இரண்டு நாற்காலிகள் கூடத்தின் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டன. ஆணி மூட்டையை நம்பாமல் நிஜ மேலதிகாரியை வைத்தே அளந்தது. அளவெடுக்கும்போது என் முழங்கோலைக் கடித்துப் பார்த்து அங்கீகாரம் கொடுத்தார்.

நாற்காலிகளுக்கு மேலே மாட்டும் பலகையில் என்ன எழுதுவது என்று பெரிய விவாதம். விசில், "தாய்மார்களுக்கு மட்டும்" என்றார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படி எழுதினா மத்த இடத்துல உட்கார்ந்தா தப்புன்னு ஆகிடும்" என்று பெயின்ட் அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால், மஞ்சளில் நீலம்:

"குழந்தைக்கு எங்கே உட்கார்ந்தும் பால் கொடுக்கலாம். இங்கே உட்கார்ந்தால் முதுகு வலிக்காது."

ஏப்ரல் 15, புதன்

ஒரு நாற்காலியில் ஒரு தாய். இன்னொன்றில் தபால்காரர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். முதுகு வலிக்கவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

விசில் பட்டறைக்கே வந்துவிட்டார், முகமெல்லாம் பல். "வந்துருச்சுப்பா!" என்றார்.

"என்ன வந்துச்சு?"

"புகார்! ஒன்பது வருஷமா காத்திருந்த புகார்!" ஒரு ஆள் வந்து, ஜன்னல் ஓரம் ஒரு அம்மா பால் கொடுக்கிறார், எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்றாராம். விசில் ரொம்பப் பணிவாக, "சங்கடமா இருந்தா டாய்லெட் பக்கத்துல ஒதுக்குப்புறமா இடம் இருக்குங்க சார். நீங்க அங்க போய் உட்காரலாம்" என்றாராம்.

பெயின்ட் அக்கா எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். கையெல்லாம் பெயின்ட்.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "அப்போ திங்கட்கிழமை கடைக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவசரக்குடுக்கை நான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்று அவளே பேசினாள்.

"கதவு கழட்டின அன்னைக்கு எல்லாரும் உன் கதவைத்தான் பார்த்தாங்க, என்னை இல்ல. கூடத்துல விசிலைத் தெரியும், பெயின்ட் அக்காவைத் தெரியும், என் புருஷன் செஞ்ச நாற்காலி இருக்கு. அங்க தைரியமா உட்கார்றது ஒரு தைரியமா? படகுல? அக்கரையில பஸ்ஸுல? கடை வாசல்ல? அங்கெல்லாம் யார் இருக்கா?"

"படகுக்கும் ஒரு நாற்காலி செய்றேன். பஸ்ஸுக்கும் செய்றேன்."

"ஊரெல்லாம் நாற்காலி போட்டுக்கிட்டே முன்னாடி ஓடுவியா?"

ஓடுவேன். சத்தியமாக ஓடுவேன். சொல்லவில்லை. "நான் கூட வரவா?" என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கோபமாக இல்லை. என்னமோ கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

அக்கா போன் செய்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பெண் கிடைத்திருக்கிறாளாம், நன்றாகத் தைக்கிறாளாம். மாதம் முடிய இன்னும் ஆறு நாள். இவள் "சரி அக்கா" என்று சொல்லவில்லை. "பார்க்கலாம் அக்கா" என்றாள்.

எனக்கு வாய் துறுதுறுவென்கிறது. இழைப்புளியைத் தீட்டினேன், தீட்டினேன், முடி சவரம் செய்கிற கூர்மைக்குத் தீட்டினேன். பெயின்ட் அக்கா, "வாயை மூடிக்கிட்டு இருக்கிறதும் ஒரு உதவிதான்ப்பா. உனக்கு அது ஒண்ணுதான் இன்னும் பழகல" என்றார்.

ஏப்ரல் 27, திங்கள்

மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எட்டரைப் படகில் ஒரு பெஞ்சுக்கு அடியில் போல்ட் தளர்ந்துவிட்டது. படகை நிறுத்த முடியாது, ஓடும்போதே முடுக்கிவிடு என்று உத்தரவு. அந்தப் படகில் பெஞ்சுகள் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டிரண்டாக நிற்கும். நான் பழுதான பெஞ்சைக் கயிறு கட்டி மறைத்துவிட்டு, அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். படகு கிளம்பி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முதுகுப் பக்கத்துப் பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும். பச்சைச் செருப்பு.

அந்தப் பச்சைச் செருப்பை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! கூப்பிட வாய் திறந்தேன். பெயின்ட் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

மேலதிகாரி வழக்கம்போல உத்தரவு போட்டார். கொஞ்ச நேரத்தில் உத்தரவு அடங்கியது. பால் குடிக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அப்புறம் எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒரு ஆண் குரல். பளபளக்கிற கறுப்பு ஷூ.

"ஏம்மா, கொஞ்சம் உள்ள போய் உட்காரலாமே."

ஸ்பானரைப் பிடித்த கை இறுகிவிட்டது. எழப்போனேன். நெற்றி பலகையில் டங்கென்று இடித்தது. நல்லவேளை, என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது இவள் பேசினாள். குரலில் முதலில் லேசான நடுக்கம். எனக்கு மட்டும் தெரிகிற நடுக்கம்.

"உள்ளேயும் ஆளுங்கதான் சார் இருக்காங்க. அவங்க என்னை வெளிய போகச் சொல்லுவாங்க. நீங்க உள்ள போகச் சொல்லுவீங்க. நான் இங்கேயும் அங்கேயும் நடந்துக்கிட்டே இருந்தா இவ எப்போ சாப்பிடுறது?"

யாரோ ஒரு பெண் கிளுக்கென்று சிரித்தார்.

"அதுக்கில்லம்மா, பார்க்கிறவங்களுக்கு..."

"பார்க்கிறதுக்கு இவ்வளவு தண்ணி இருக்கு சார், வானம் இருக்கு. எனக்கு மடியில இவ மட்டும்தான். நீங்க காலையில சாப்பிட்டுத்தானே வந்தீங்க? அதே மாதிரிதான். இவளுக்கு இப்போதான் காலைச் சாப்பாடு." இப்போது நடுக்கம் இல்லை. கடையில் துணி வெட்டும்போது பேசுகிற குரல். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

கறுப்பு ஷூ பக்கமிருந்து பேப்பர் மடிக்கிற சத்தம். பக்கத்தில் யாரோ, "நல்லாக் கேட்டேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஷூக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எத்தனை மாசம்?"

"நாலு முடிஞ்சிருச்சு சார்."

"எங்க வீட்டுல பேத்திக்கு ஆறு மாசம். ராத்திரி தூங்க விடுறதில்ல."

"இவளும்தான் சார்."

அப்படியே இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள், பல் முளைக்கிறது பற்றி! கீழே படுத்துக்கொண்டு நான் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. மல்லாந்து படுத்து அழுதால் அதுதான் தொந்தரவு.

அப்போது பொத்தென்று கீழே விழுந்தது ஒரு சாக்ஸ். கட்டைவிரல் நீளத்துக்கு, மஞ்சள் நிறத்தில். என் மூக்குக்கு நேரே. யோசிக்கவே இல்லை, எடுத்துப் பெஞ்சுக்கு அடியிலிருந்து மேலே நீட்டினேன்.

படகு அதிர ஒரு அலறல்! அடியிலிருந்து கிரீஸ் பூசின கை ஒன்று சாக்ஸோடு வந்தால் யார்தான் அலற மாட்டார்கள்? ஷூக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். மேலதிகாரி மட்டும் அசையவில்லை, தன் வேலையைப் பார்த்தார். இவள் தலையைக் குனிந்து கீழே பார்த்தாள்.

"நீயா! அங்க என்ன பண்றே?"

"போல்ட் முடுக்குறேன்."

"எவ்வளவு நேரமா?"

"நீ வர்றதுக்கு முன்னாடியிலிருந்து."

"எல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் எழுந்து வரல?"

"நீதான் பேசிட்டு இருந்தியே" என்றேன்.

என்னைப் பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தை நான் எப்படி எழுதிக் காட்டுவது? கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல, இன்னைக்குப் போறேன்னு?"

"சொன்னா கூட வருவே. இல்லேன்னா நாற்காலி தூக்கிட்டு வருவே." மேலதிகாரியின் காலை ஆட்டிக் காட்டினாள். "சாக்ஸைப் போட்டுவிடு. குட்டிக் கால் ஜில்லுனு இருக்கு."

கயிற்றைத் தாண்டி எழுந்து வந்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, போட்டுவிட்டேன். ஷூக்காரர் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். "வேலை கிடக்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். மிச்ச வழியெல்லாம் அந்தப் பச்சைச் செருப்பு தரையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

அக்கரை வந்தது. படித்துறையில் அவள் அக்கா, கழுத்தில் அளவு நாடாவோடு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார். இவள் மேலதிகாரியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பையிலிருந்து பெரிய கத்தரிக்கோலின் பிடி எட்டிப் பார்த்தது. திரும்பிப் பார்க்காமல், அக்காவிடம் ஏதோ சத்தமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே மேட்டில் ஏறினாள்.

அந்தப் பெஞ்சில் இன்னும் இரண்டு போல்ட் பாக்கி. நாளைக்கும் எட்டரைப் படகில்தான் முடுக்க வேண்டும். இவளும் அதே படகில்தான் கடைக்குப் போகிறாள்; தன் முதுகுக்குப் பின்னால் வேண்டாம், வேறு பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள் என்று ராத்திரி சொல்லிவிட்டாள், சிரிப்பு வருகிறதாம்.